கதாநாயகியின் மூக்கில் ஒரு கோடு

போன வாரம் பெய்த மழையில் எங்கள் ஸ்ரீராம்புரம் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. கட்டில் போட்டிருக்கும் பக்கம்தான். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தானே?

கட்டிலில், மெத்தைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் சொத்து இருந்தது — பழைய சினிமா போஸ்டர்கள். தியேட்டரில் டிக்கெட் கிழித்த காலத்தில், ஒட்டியது போக மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்தவை. தியேட்டரை இடித்து மால் கட்டியாயிற்று. போஸ்டர்கள் மட்டும் கசங்காமல் படுத்திருந்தன. விருந்தாளி யாராவது கட்டில் பக்கம் போனால், இவர் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அன்றைக்கு இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மெத்தையைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன்... சில்லென்று இருந்தது. வீட்டில் ஈரம் படாத இடம் பீரோவின் மேல்தட்டு ஒன்றுதான். அங்கே என் முகூர்த்தப் புடவை இருக்கிறது. எனக்குத் தெரிந்தது பட்டைப் பாதுகாக்கிற வழிதானே? போஸ்டர்களையும் அப்படியே நாலாக மடித்து, மடிப்பைக் கையால் நன்றாக நீவி, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

இவர் வந்து பிரித்தார். இவருக்கு ரொம்பப் பிடித்த கதாநாயகி — அவளைப் பார்த்தால் இந்த வயதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் — அவள் மூக்குக்குக் குறுக்கே காகிதம் வெடித்துக் கோடு விழுந்திருந்தது. தடவித் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த மகள், போனில் படம் பிடித்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போடச் சொன்னாள்.

"சும்னே இரும்மா. உங்கம்மாவையும் போட்டோ எடுத்து வச்சிக்கினு ஆளை அனுப்பிடலாமா?" என்று கன்னடம் கலந்து அவளை அதட்டினார் இவர்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் காலை பீரோவைத் திறந்தால் புடவையைக் காணோம். இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். என் புடவையை உருளைத் தலையணை மாதிரி தளர்வாகச் சுருட்டி, அதன்மேல் வேட்டியைச் சுற்றி, அதற்கும் மேல் போஸ்டர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பேப்பரை வெறுமனே சுருட்னா நசுங்கிடும். உள்ள தடிமனா ஏதாச்சும் இருக்கணும். பட்டும் ஒரே மடிப்புல கெடந்தா இத்துப்போவும்னு நீதானே சொல்லுவ?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான்.

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

மூக்கில் கோடு விழுந்தவள் இப்போது என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பீரோவில் படுத்திருக்கிறாள்... இனி அவளை வெளியே போ என்று சொல்ல முடியுமா?