மாப்பிள்ளை ஒட்டிய பார்கோடு

பிளாஸ்டிக் சாமான் கடைக்காரரின் வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஒரே கனவுதான்: மாமனாரின் கல்லா நாற்காலி.

"சரக்கு எல்லாத்துக்கும் பார்கோடு போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்துங்க மாப்ள. அப்புறம் கல்லா உங்களுக்குத்தான்" என்று மாமனார் சொன்னதும் மாப்பிள்ளையின் கண்கள் குளமாகின.

ஒரே மாதிரி வாளிகளுக்கு ஒரே கோடு போதும். அவரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதுபோல் வாளிக்கொரு கோடாக ஒட்டினார்.

"ஏங்க, எல்லாம் ஒரே வாளிதானே?" என்றாள் மனைவி.

"கம்ப்யூட்டரப் பத்தி உனக்கென்ன தெரியும்? வாய மூடு."

கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வாளியும் தனிச் சரக்கு. ஒரு வாளி விற்றாலே அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதென்று பதறி, தானாகவே கம்பெனியிடம் ஒரு டஜன் கேட்டது. விற்க விற்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

லாரி வந்து நின்றது. வாளிகள் நடைவழியை அடைத்து, படியேறி, கூரையைத் தொட்டன. வந்த வாடிக்கையாளர்கள் வாசலோடு திரும்பினார்கள். மாமனார் தலையில் கைவைத்துத் தெருவில் நின்றார்.

"மாமா, வேலை முடிஞ்சுது. கல்லா?" என்றார் மாப்பிள்ளை, குரல் தழுதழுக்க.

"உக்காருங்க மாப்ள. உள்ள உக்கார வேற இடம் எங்க இருக்கு?"

வாளிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போய் அமர்ந்தார் மாப்பிள்ளை. ஆனந்தக் கண்ணீர் நிற்கவேயில்லை.