பேட்டரியில் கேட்ட மெர்டேக்கா

நேற்று மகன் ஆம்ப்ளிஃபயரைக் கரண்டிலிருந்து கழற்றி, புதிதாக வாங்கிய பேட்டரியில் மாட்டினான். "அம்மா, கேட்டீங்களா? அந்த இரைச்சலே இல்லலா" என்றான். உண்மைதான். ஆனால் நான் அந்தப் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டு ரேடியோ கரண்டில் ஓயாமல் இரையும். பேட்டரியில்தான் குரல் தெளியும். அன்று காலை அறிவிப்பைக் கேட்பதற்காக, பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் டாக்சியிலிருந்து அப்பா பேட்டரியைக் கழற்றி வந்தார். அவரிடம் சொல்லவில்லை. சித்திக்கு அப்போது நிறைமாதம். "அரை மணி நேரந்தானே" என்றார் அம்மாவிடம்.

ரேடியோவில் கோலாலம்பூர்க் கூட்டம் "மெர்டேக்கா" என்று முழங்கியபோது சித்தப்பா உள்ளே பாய்ந்தார்.

"அவளுக்கு வலி வந்துருச்சு, ரத்தமா போவுது. காடி ஸ்டார்ட் ஆவல. நீயெல்லாம் அண்ணனா?"

அப்பா வாய் திறக்குமுன் நெஞ்சில் உதை விழுந்தது. பேட்டரி கவிழ்ந்து ஆசிட் அப்பாவின் கையில் கொட்டியது. அவர் அலற அலற, சித்தப்பா முகத்திலேயே குத்தினார். அம்மா இருவர் மேலும் தண்ணீரைக் கொட்டிக் கத்தினாள்: "அடிச்சது போதும், மொதல்ல அவளத் தூக்குங்க!"

சித்தியை மீன் லாரியில் ஏற்றிப் போனார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. வெந்த கையோடு அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியின் காலில் விழுந்தார். சித்தப்பா அவரைத் தாண்டி நடந்தார். சாகும்வரை இருவரும் பேசவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன்.

"நல்லா இருக்குப்பா."

அவன் சத்தத்தைக் கூட்டினான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.