ஆலங்கட்டியில் காத்திருந்த லெட்சுமி

ஆடலூர் எஸ்டேட்டில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் மூன்றாவது வீட்டு லெட்சுமி, போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் செத்துப்போனாள். வாசலில் படுதா விரித்துக் காயப்போட்டிருந்த மிளகைக் கிளறிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் பெரியண்ணன் தண்ணீர்ச் செம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். ஐம்பத்தைந்து வயது. கூரைத் தகரத்தைத் தொட்டால் கை பொசுங்குகிற வெயில் அன்றைக்கு.

அவள் பிறப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சிலோனில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். குடும்பத்தோடு கப்பலேறி இக்கரைக்கு வந்த இரண்டாம் மாதமே அப்பன், ஆத்தா இருவரும் காய்ச்சல் கண்டு அடுத்தடுத்துப் போனார்கள். ஒன்பது வயது அண்ணன் யோகராஜைப் பெரியப்பன் கோத்தகிரிக்குக் கூட்டிப் போனார். ஐந்து வயது லெட்சுமியைச் சித்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடலூர் வந்தாள். சித்தியும் பின்னாளில் போய்ச் சேர்ந்தாள். கட்டிய பிறகு லெட்சுமிக்குப் பிள்ளையும் தங்கவில்லை. ரத்தம் என்று பூமியில் அவளுக்கு இருந்தது அந்த யோகராஜ் ஒருவன்தான்.

பெரியண்ணன் வீடு அப்படியில்லை. அதே சிலோனிலிருந்து அப்பன், ஆத்தா, சித்தப்பன், ஐந்து பிள்ளைகள் என்று கூண்டோடு வந்து இறங்கிய குடும்பம். கடைசித் தங்கச்சி லீலா அதே லயத்தில், நாலு வீடு தள்ளி. அவளுக்கு வாய் நீளம். தீபாவளிக்குத் தீபாவளி பெரியண்ணன் எடுத்துக் கொடுக்கிற சேலையை வாங்கிக்கொண்டு, மதினி காதில் விழும்படி சொல்லுவாள்:

"பொறந்த வீடு இருக்கறவளுக்கு அண்ணன் சேல. சில பேருக்குச் செத்தாக்கூடக் கோடி போட நாதியிருக்காது."

கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். கோடி என்பது அதுதான். அதைப் போர்த்தாமல் எடுத்தால் அவளுக்கு முன்பின் யாரும் இல்லை என்று அர்த்தம். லெட்சுமி லீலாவுக்கு எதிர்வார்த்தை பேசியதில்லை. புருஷனிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள்: "எங்கண்ணன் கோடி போடாம என்னையத் தூக்கிராதீங்க. நாறுனாலும் கெடக்கட்டும்."

அவள் செத்த அன்றைக்குப் பெரியண்ணன் கோத்தகிரியிலிருந்த யோகராஜுக்குப் போன் போட்டான்.

"மச்சான், தங்கச்சிக்கு ஒடம்புக்கு முடியல. வெரசாக் கெளம்பி வாங்க."

"ரொம்ப முடியலையா?"

"வாங்க மச்சான்."

அதில் யாரும் குற்றம் காணவில்லை. ஒண்டியாகப் பஸ்ஸேறி வரப்போகிறவன் காதில் எழவுச் செய்தியை நேராகப் போடுகிற வழக்கம் நம் ஜனத்தில் கிடையாது.

யோகராஜ் வந்து சேர விடிந்துவிடும். அதுவரைக்கும் வைத்திருக்க அடிவாரத்திலிருந்து ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். வண்டியும் கிளம்பிவிட்டது.

மூன்று மணிக்கு வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்தது. தகரத்தில் யாரோ சரளைக்கல்லை அள்ளி வீசியது போல முதல் சத்தம். "எவண்டா அது?" என்று வெளியே எட்டிப் பார்த்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். எலுமிச்சை அளவு ஆலங்கட்டிக் கல். நாய்கள் ஊளையிட்டன. ஒருவர் பேசியது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. லயத்துப் பெரியவர் நல்லசாமி எழுபது சித்திரை பார்த்தவர். அவரே இப்படிக் கண்டதில்லை. கால் மணி நேரம்தான். விட்டபோது காப்பிச் செடிகள் மொட்டையாக நின்றன. கட்டுத்தறியில் ஒரு ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தது. லெட்சுமி கிளறிய மிளகு எங்கே போனதென்று தெரியவில்லை.

பாதையில் பெரிய மரம் ஒன்று கரண்டுக் கம்பியோடு குறுக்கே விழுந்துவிட்டது. ஐஸ் பெட்டி வந்த வண்டி பாதி வழியில் திரும்பிப் போனதாகச் செய்தி வந்தது. மறுபடி வெயில் எட்டிப் பார்த்தது. தரையிலிருந்து புழுக்கம் கிளம்பியது.

நல்லசாமி வந்து தோளைத் தொட்டார். "ஏலே பெரியண்ணா, பெட்டியும் இல்ல, கரண்டும் இல்ல. விடியறமுட்டும் ஒடம்பு தாங்காது. பொழுதோட தூக்கிருவோம்."

பெரியண்ணன் வாசல் நெடுக வெள்ளையாகக் கிடந்ததையே பார்த்தான். பிறகு பழக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, இரண்டு கையாலும் கல்லை அள்ள ஆரம்பித்தான்.

"அண்ணனுக்குப் புத்தி பெரண்டு போச்சு!" என்று லீலா கத்தினாள்.

புரளவில்லை. இளவட்டத்தில் அவன் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கியவன். உமிக்குள் வைத்த ஐஸ் எத்தனை நேரம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே உமி இல்லை, குடோனில் காய்ந்த காப்பித் தொலி இருந்தது. சாக்கில் ஒரு அடுக்குக் கல், ஒரு அடுக்குத் தொலி. படுதாவில் லெட்சுமியைக் கிடத்தி இரண்டு பக்கமும் சாக்குகளை அணைத்தான். வயிற்றின் மேல் ஒன்று வைத்தான். முகத்தை மட்டும் மூடவில்லை. குடோன் நிழலில் காற்று ஒதுக்கிய குவியலை அள்ளும்போது அவன் உள்ளங்கைத் தோல் உரிந்தது. திரும்பிப் பார்த்தால், லீலா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முறத்தோடு பக்கத்தில் குனிந்திருந்தாள். வாரிய கல்லை அவன் கூடையில் கொட்டினாள்.

வெளுக்கும்போது பதினாறு சாக்கில் மூன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் தண்ணீராகி நிலைப்படி தாண்டி ஓடியிருந்தது.

யோகராஜ் விழுந்த மரத்தை ஏறிக் கடந்து, வேட்டியெல்லாம் சேறாக நடந்து வந்தான். கையில் ஒரு பை. லயத்தார் எழுந்து வழிவிட்டார்கள். உள்ளே போய்த் தங்கச்சி கன்னத்தைத் தொட்டவன், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏன் மச்சான் இம்புட்டுக் குளுந்து கெடக்கா?"

அவ்வளவுதான். மடங்கி விழுந்தான்.

அழுது ஓயட்டும் என்று விட்டு நல்லசாமி சொன்னார்: "நேரமாச்சு. கோடியப் போடுங்கய்யா."

யோகராஜ் பையைப் பார்த்தான். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு ரொட்டி, ஆறு ஆரஞ்சு.

"முடியலன்னுதான மச்சான் சொன்னீங்க?"

பெரியண்ணன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். ஜவுளிக்கடை அடிவாரத்தில். மரம் கிடக்கிற பாதையில் போய்த் திரும்ப உச்சிப்பொழுதாகிவிடும். கடைசிச் சாக்குகள் சொட்டிக்கொண்டிருந்தன. லெட்சுமியின் காதோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

லீலா எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். மாம்பழ நிறத்தில் ஒரு சேலையோடு வந்தாள். போன தீபாவளிக்குப் பெரியண்ணன் பழனியில் எடுத்துக் கொடுத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. யோகராஜ் கையில் வைத்தாள்.

"போடுங்க."

"அது புருஷன் வீட்டுச் சேலையாச்சே?" என்று இழுத்தார் நல்லசாமி.

"அண்ணன் தங்கச்சிக்கு எடுத்த சேல. சங்க ஊதச் சொல்லுங்க."

யோகராஜ் அதை விரித்துப் போர்த்தினான். சங்கு முழங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியண்ணனுக்கு மட்டும் அந்தக் கரை தெரிந்தது; அவனே பார்த்து எடுத்த கரை. தன் வீட்டுச் சேலையோடுதான் அவளை அனுப்பினான்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்தபின் யோகராஜ் கிளம்பினான். பஸ்ஸுக்காக நிற்கும்போது பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "ஒத்த வார்த்தை நேராச் சொல்லியிருந்தேன்னா நீங்க கோடியோட வந்திருப்பீங்க. வழியெல்லாம் தனியா அழுவீங்களேன்னுதான்…"

"அழுதுக்கிட்டேதான் வந்தேன் மச்சான். நீங்க கதைச்ச கொரல்லயே வெளங்கிப்போச்சு."

பெரியண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"மேட்டுப்பாளையத்துல ஜவுளிக்கடை தெறந்துதான் இருந்துச்சு. வாசல் வரைக்கும் போயிட்டேன். கோடி எடுத்துட்டா அவளை நானே சாகடிச்ச மாதிரி ஆயிருமேன்னு பயம். பக்கத்துக் கடையில ஆரஞ்சு வாங்குனேன்."

பஸ் வந்தது. ஏறினான். பெரியண்ணன் தோல் உரிந்த கையைத் தூக்கி அசைக்கப் பார்த்தான், விரல்கள் விரியவில்லை.