பிரசவ வார்டின் சபாநாயகர்

"இங்க இருந்துதான்டி ஒரு மாகாணத்தையே ஆண்டாங்க. உன்னால ஒரு புள்ளையப் பெத்துப் போட முடியாதா? மூச்ச விடு, நல்லா விடு!"

வலியில் துடிக்கிற பெண்ணின் இடுப்பை நீவிவிட்டபடி தலைமை நர்ஸ் அதட்டுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிடுகிறாள்.

பழைய மாகாணத்தின் சட்டசபைதான் இன்றைக்கு மகளிர் ஆஸ்பத்திரி. உறுப்பினர்கள் வாய்ச்சண்டை போட்ட வட்டக் கூடம் பிரசவ வார்டு. அதனால் நர்சம்மாவுக்குச் 'சபாநாயகர்' என்று பட்டப்பெயர். அவருக்கும் அதில் ஏகப் பெருமை. இரண்டு பேர் சேர்ந்தாற்போல அலறினால், "ஒவ்வொருத்தரா பேசுங்க, சபைக் குறிப்புல ஏறணும்ல" என்பார்.

அவருடைய அம்மா அந்தச் சபையில் உறுப்பினராக இருந்தவர். மாகாணத்தைக் கலைத்துப் பக்கத்து மாகாணத்தோடு சேர்க்க மேலிடம் முடிவெடுத்தபோது, ஊரின் தலைநகர் அந்தஸ்து போகிறதே என்று ஆண்கள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். அம்மா எழுந்து நின்றார். "மாகாணத்தைத்தான் அவங்க எடுத்துக்க முடியும். இந்தக் கட்டடத்த நம்ம பொம்பளைங்க பிரசவத்துக்கு எழுதி வச்சிட்டுப் போவோம்." சபையின் கடைசித் தீர்மானம் அதுதான். மறுநாள் மாகாணம் இல்லை. இதைச் சொல்லும்போது நர்சம்மாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

போன மாதம் ஒரு பொறியாளர் கொத்தனாரோடு வந்தார். கூடத்துச் சுவரில் இருக்கிற பழைய மாகாண முத்திரையைக் கொத்தி எடுக்க உத்தரவாம்.

"இல்லாத மாகாணத்துக்கு எதுக்கும்மா முத்திரை?"

"தாராளமா எடுங்க. ஆனா புள்ள பொறக்கிற இடத்துல உளிச் சத்தம் கூடாது. வார்டு காலியானதும் வாங்க."

"எப்பக் காலியாகும்?"

"எங்க பொண்ணுங்க பெத்துக்கறத எப்ப நிறுத்தறாங்களோ, அப்ப."

பொறியாளர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. அவர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தி, "பையனா, பொண்ணா?" என்றார்.

"பொண்ணு" என்று உள்ளேயிருந்து ஆயா குரல் கொடுத்தாள். கொத்தனார் சிரித்துக்கொண்டே உளியைப் பைக்குள் போட்டார். இருவரும் வந்த வழியே போனார்கள். இதுவரை திரும்பி வரவில்லை.

அன்றைக்கு அந்தத் தாயும் சேயும் படுத்திருந்த தள்ளுவண்டியை ஆயா பக்கவாட்டு வழிக்குத் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் எதுக்கு?" என்றார் நர்சம்மா.

அந்தக் காலத்தில் ஆளுநர் வந்தால் மட்டும் திறக்கிற நடுவாசலுக்குப் போய், தாழ்ப்பாளைத் தானே நீக்கினார். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு, வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.