சீரோடு போன விருந்தாளி

பரிமளாவுக்குப் பொய் சொல்ல வராது. முயன்று பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்த மாத்திரத்தில் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோகும்; கேட்டவர் சிரித்துவிடுவார். ஆரணியில் பட்டு வியாபாரிகளோடு தொழில் செய்கிறவளுக்கு இது ஒரு குறைதான். புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்கு ஏற்றபடி கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. "இதே முந்தானைய வேற யாருக்காவது போட்டுக் குடுத்தியாம்மா?" என்று ஒருவர் கேட்டால், கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று சொல்லிவிடுவாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். மற்றவர்கள், இவளிடம் கொடுத்தால் திருட்டுப் போகாது என்று தங்கிவிட்டார்கள்.

முப்பத்துமூன்று வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஹேமநாத் வந்தவாசிக்காரர். அமெரிக்காவில், நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை, கையில் கிரீன் கார்டு. தாய் தகப்பன் இல்லை. வந்தவாசி வீட்டையும் எப்போதோ விற்றாயிற்று. லீவு மூன்றே வாரம். அந்த இருபத்தொரு நாளும் இருவரும் ஆரணியில் பெண் வீட்டிலேயே இருந்தார்கள். பிறகு அவர் விமானம் ஏறினார். போன கையோடு, மனைவியை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். மனு ஏற்கப்பட்டது. ஆனால் குடியேறும் விசாவுக்கு ஒரு வரிசை இருக்கிறதே! ரேஷன் கடை வரிசை என்றால் முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கலாம். இது கண்ணுக்கே தெரியாத வரிசை. அதில் நின்றபடியே இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. இடையில் ஊருக்கு வந்துபோக ஹேமநாத்துக்கு லீவு கிடைக்கவில்லை.

அந்த இரண்டு வருஷமும் தெருவுக்குப் பதில் சொன்னவள் அவள் அம்மா ரேணுகாம்பாள். எதிர்வீட்டு அன்புச்செல்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்: "யக்கா, பரிமளா எப்ப புருஷன் வூட்டுக்குப் போவுது?" கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. கேட்டுவிட்டு உதட்டை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள் பாருங்கள், அதுதான் ரேணுகாம்பாளைப் பிடுங்கித் தின்றது. போதாக்குறைக்கு, மகளுக்கென்று வாங்கிய சீர் சாமான்கள் அத்தனையும் பரண்மேல் கிடந்தன. காமாட்சி விளக்கு, பித்தளைக் குடம், தாம்பாளம், அண்டா, எல்லாவற்றிலும் 'ஹேமநாத் – பரிமளா' என்று பேர் வெட்டி, கல்யாணத் தேதியும் போட்டாயிற்று. கொண்டுபோய் வைக்க மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடுதான் இல்லை.

கடைசியில் ஹேமநாத்தே சொன்னார்: "வரிசை நகர்றப்ப நகரட்டும். நீ விசிட்டர் விசால வந்து பார்த்துட்டுப் போ. எனக்கு முடியல பரிமளா." அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் அவள் கிளம்பினாள்.

கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் ட்ராவல்ஸ் வைத்திருக்கும் ஜெயச்சந்திரன் விசா மனுவை நிரப்ப உட்கார்ந்தார். ஒரு கேள்வியில் அவர் விரல் நின்றது: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா?

"இல்லன்னு போட்டுடறேம்மா," என்றார். "ஆமான்னு போட்டா, நீ அங்கயே தங்கிடுவேன்னு நெனச்சு விசா தர மாட்டான். பேஜாராப் போயிடும்."

"ஆனா போட்டுக்கறாருங்களே."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்…"

"ஆமான்னே போடுங்க. நான் போய் முன்னாடி நின்னா என் கழுத்தப் பார்த்தே கண்டுபுடிச்சிடுவாங்க."

ஜெயச்சந்திரனுக்குக் கழுத்து விஷயம் விளங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, ஆமாம் என்றே போட்டார். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்டதற்கெல்லாம் அவள் உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு முன்னால் நின்ற மூன்று பேருக்கு விசா கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தது. ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

ஐம்பத்துமூன்று நாளுக்கு டிக்கெட் எடுத்தாள். தை மாத முகூர்த்தப் புடவைகளுக்கு டிசைன் கொடுக்க வேண்டிய நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. அதைக் கேட்ட அன்றைக்கே ரேணுகாம்பாள் பரணுக்கு ஏணி வைத்துவிட்டாள்.

"யம்மா, நான் பார்த்துட்டு வரப் போறேன். குடித்தனம் பண்ணப் போகல."

"மொத தபா புருஷன் வூட்டு வாசப்படிய மிதிக்கற. வெறுங்கைய வீசிகினு போவியா?"

"அங்க பொட்டியத் தொறந்து பார்ப்பாங்கம்மா. இதெல்லாம் பார்த்தா நான் திரும்ப மாட்டேன்னு நெனப்பாங்க."

"இன்னா வேணா நெனச்சுக்கட்டும். நீ திரும்பி வா, வேணாங்கல. சீர் திரும்பி வரக் கூடாது. பொண்ணு கூடவே சீரும் வந்தா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். வாழாவெட்டி என்ற சொல்லை அந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொல்வதில்லை; அன்புச்செல்வியின் உதடு மாதிரி ஒன்று போதும். இரண்டு வருஷம் அதைத் தாங்கிய அம்மாவை எதிர்த்துப் பேச மகளுக்கு மனம் வரவில்லை. அப்பா ஜெகநாதன்தான் நடுவில் புகுந்து, பட்டு நூல் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து வைத்து, அண்டாவையும் தாம்பாளத்தையும் குடத்தையும் எடை காட்டிக் கழித்துக்கட்டினார். மிஞ்சியது விளக்கு, முகூர்த்தப் புடவை, ஒரு படி அரிசி.

இப்படியாக அவள், விருந்தாளியாக வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சீரோடு போய் இறங்கினாள். யாரைக் குற்றம் சொல்வது?

அமெரிக்க விமான நிலையத்தில் முதல் அதிகாரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அவளை வேறொரு அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் நடுவயதுக்காரர். முகத்தில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. பெட்டியைத் திறந்தார்கள். அரிசி உள்ளே போகாது என்று அதைத் தனியே எடுத்து வைத்தார்கள். அதன் அடியில் துண்டில் சுற்றிய விளக்கு. அவள் கையிருப்பில் இருந்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த நேரம் பார்த்து ஓடிப்போயிற்று. அதிகாரி தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். வயதான பெண் குரல், இலங்கைத் தமிழ்.

"பிள்ளை, இந்த விளக்கில என்ன எழுதியிருக்கு எண்டு கேக்கிறார்."

"எங்க ரெண்டு பேரு பேருங்க. கல்யாணத் தேதி."

"இதை ஏன் கொண்டு வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"எங்க ஊருல பொண்ணு மொத தபா புருஷன் வூட்டுக்குப் போனா, குடித்தனத்துக்குன்னு அம்மா குடுத்து அனுப்புவாங்க."

அந்தக் குரல் தணிந்து வந்தது. "பிள்ளை, அதை அப்பிடியே சொல்லட்டோ?"

"சொல்லுங்கம்மா."

சொன்னாள் அந்த அம்மாள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் நீங்கள் இங்கே வாழத்தான் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் எங்கேயோ ஹேமநாத் நிற்கிறார். இரண்டு வருஷம், ஒரு நாள் முழுக்கப் பயணம், இப்போது நடுவில் நாலு சுவர். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பரிமளாவுக்கு அது வாயில் வரவில்லை.

"வாழணும்னு ஆசைதாங்க. ஆசை இல்லன்னா அது பொய். ஆனா இந்த தபா பார்த்துட்டுப் போகத்தான் வந்துக்கறேன். அம்பத்திமூணாவது நாள் போயிடுவேன். இப்ப ஒழுங்காப் போகலன்னா அப்புறம் ஒழுங்கா வர முடியாது. அது எனக்குத் தெரியும்."

அதிகாரி விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். இது?

"அதுவும் என் கூடத் திரும்பி வரும்," என்றாள். சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் கழுத்து சிவக்கவில்லை. அந்த மனிதர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை அவரே விளக்கில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஆறு மாதம் வரை இருக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். தொலைபேசியை வைப்பதற்குமுன் அந்தக் குரல், யாரும் கேட்காமலே, "சந்தோஷமா இருந்திட்டுப் போ, பிள்ளை" என்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஹேமநாத்தின் வீடு என்பது ஒற்றைப் படுக்கையறை. விளக்கைச் சமையலறை மேடையில் ஒரு தட்டில் வைத்தாள். முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதில் கூரையிலிருந்த புகை மணி ஊளையிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அதிலிருந்து சாம்பிராணி நின்றது, விளக்கு மட்டும் நிற்கவில்லை. இருபத்தொரு நாள் பழக்கத்தில் கணவரைத் தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவர் குளிக்கும்போது பாடுவார், அதுவும் சுருதி சேராமல். சோற்றில் தயிரை ஊற்றிய பிறகு உப்பில்லை என்பார். கோபம் வந்தால் பேசாமல் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அவள் வந்த இரண்டாம் வாரத்தில் இஸ்திரி போட்ட சட்டை எட்டு. உப்பு விஷயமாகத்தான் முதல் சண்டை. சமாதானம் எப்படி ஆயிற்று என்பது நமக்கு வேண்டாம்.

ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது ஹேமநாத் பேச்சை எடுத்தார்.

"ஆறு மாசம் குடுத்துக்கறாங்க இல்ல? டிக்கெட்ட மாத்திடலாம். இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போ."

"அம்பத்திமூணு நாள்னு சொல்லிட்டேங்க."

"சொன்னா? சட்டப்படி தப்பில்ல."

"தப்பில்லதான். எனக்கும் இருக்கணும்னுதான் இருக்குது. காலைல நீங்க வேலைக்குப் போனா, நீங்க வர்ற வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துகினு இருக்கேன். ஆனா ரெண்டு மாசம் கழிச்சு மட்டும் போறது சுலபமாயிடுமா? அப்ப இன்னும் ரெண்டு மாசம்னு தோணும். வரிசை முடியறதுக்குள்ள நான் இன்னொரு தபா வரணும். அப்ப வந்து நின்னு, போன தபா சொன்னபடி போனேன்னு சொல்லணுங்க."

அவர் சட்டையைத் தேடி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "சரி. வெளக்க மட்டுமாவது வெச்சுட்டுப் போயேன். நான் ஏத்திகினு இருப்பேன். எவன் பார்க்கப் போறான்?"

யாரும் பார்க்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவரே விளக்கிலிருந்த எண்ணெயை வடித்துக் கொடுத்தார்.

ஆரணியில் காரிலிருந்து இறங்கியபோது காலை எட்டு மணி. தெரு முழுக்க விழித்திருந்தது. அன்புச்செல்வி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று, பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ரேணுகாம்பாள் மகளைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். விளக்கைப் பார்த்ததும் அதைப் புடவையில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் மகளிடம் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதற்கு மேல் பேச்சில்லை. பரிமளா தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானை ஒன்றை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தாள். அங்கே திரும்புவாயா என்று கேட்டார்கள். இங்கே ஏன் திரும்பினாய் என்று கேட்காமல் கேட்கிறார்கள். இப்படி ஒரு பெண் எங்கேதான் போவாள்?

மூன்றாம் நாள் ரேணுகாம்பாளே விளக்கை எடுத்துக்கொண்டு வாசல் குழாயடிக்கு வந்தாள். துலக்காமல் உள்ளே வைத்தது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். புளியை ஊறவைத்து உட்கார்ந்தவள், விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினாள். முகப்பில் கரி தடித்து ஏறியிருந்தது. அம்மனின் முகம்வரை எண்ணெய்ப் பிசுக்கு.

"பரிமளா, இங்க வா. நெதம் ஏத்துனியா?"

"நெதம்மா. நான் மறந்தா அவரு ஏத்திடுவாரு."

"அவரா?"

"திரி கூட அவருதான் திரிப்பாரு. எனக்கு ஒழுங்கா வரலையாம்."

எதிர்வீட்டுப் படியிலிருந்து குரல் வந்தது. "யக்கா, அது பரிமளாவுக்குக் குடுத்த சீர் வெளக்கு இல்ல? திரும்பி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றாள் ரேணுகாம்பாள். விளக்கைத் தூக்கிக் காட்டினாள். "அம்பத்திமூணு நாளு எம் பொண்ணு குடித்தனத்துல எரிஞ்சிட்டு வந்துகிது. கரியப் பார்த்தியா? கிட்ட வந்து நல்லாப் பாரு."

அன்புச்செல்வி கிட்ட வரவில்லை. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள்.

ரேணுகாம்பாள் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னாள்: "அவகிட்ட வீராப்பாப் பேசிட்டேன். நெசத்த உங்கிட்டச் சொல்றேன், கேளு. நீ ஏரோப்ளேன் ஏறுன அன்னிக்கு, இவ அங்கயே இருந்துடணும், திரும்பவே கூடாதுன்னு படவேட்டம்மாகிட்ட வேண்டிக்கினேன். ஊரு வாயி மூடணுமேன்னு. நீ கார்ல வந்து எறங்குனப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. அடுத்த நிமிசமே, அப்பாடா, எம் பொண்ணு வந்துட்டான்னு இருந்துச்சு. அம்மாடி, நான் எப்பேர்ப்பட்டவடி? எதுதான் நெசம்?"

"ரெண்டும்தாம்மா," என்றாள் பரிமளா. "எனக்கும் அங்கேருந்து கெளம்பறப்ப அப்படித்தான் இருந்துச்சு."

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். இருவருமே அழவில்லை, அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த பயணம் எப்போதென்று தெரியாது, வரிசை எப்போது நகரும் என்றும் தெரியாது. ரேணுகாம்பாள் புளியை அள்ளி விளக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். பரிமளா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.