இரு பக்கத்துக்கும் ஒரு நடுவர்

இந்த வருடம் நடுவரின் வெள்ளைக் கோட்டைப் போடுவதில்லை என்று இஸ்ஸதீன் முடிவெடுத்திருந்தார். அறுபத்தொரு வயது. மன்னார் வெயிலில், மைதானத்துக்குள் வரும் தெருக் கழுதைகளை விரட்டியபடி ஆறு மணித்தியாலம் நின்றால், இரண்டு நாளைக்கு முழங்கால் மடங்காது.

மன்னார் மாவட்ட அணியும் வவுனியா மாவட்ட அணியும் கிரிக்கெட் ஆடும்போது, துடுப்பெடுத்தாடும் அணியே நடுவரைத் தருவது வழக்கம். சொந்த ஆளுக்கு எதிராக யார் விரலை உயர்த்துவார்? ஒவ்வொரு ஆட்டமும் சண்டையில்தான் முடியும். பதினேழு வருடத்துக்கு முன், மன்னாருக்கு நான்கே ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, பந்து காலில் பட்டதென்று தன் தங்கை மகன் நௌபருக்கே இஸ்ஸதீன் விரலை உயர்த்தினார். மன்னார் தோற்றது. தங்கை ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. வவுனியாக்காரரோ அன்றிலிருந்து இரு பக்கத்துக்கும் அவரையே கேட்டார்கள்.

இப்போது அணியின் பயிற்சியாளனான நௌபர் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நீங்கள் இல்லாட்டி வவுனியாக்காரர் பஸ் ஏறமாட்டாங்களாம்."

"என்ர முழங்காலைப் பற்றிச் சொன்னனியோ?"

"ஓம். கதிரை போட்டு இருத்துறமெண்டு சொல்றாங்கள்."

"கதிரையில இருக்க நான் என்ன புதுமாப்பிள்ளையோ?"

நௌபர் எழும்பவில்லை. இஸ்ஸதீன் களைத்துப்போய் உண்மையைச் சொன்னார்.

"அண்டைக்கு உனக்கு விரலை உயர்த்தேக்க நான் பந்தை வடிவாப் பார்க்கேல்லையடா. கண்ணெல்லாம் வேர்வை. இப்பிடிப்பட்ட ஆள் வேணாமெண்டு சொல்லு."

"தெரியும் மாமா. பந்து முதல்ல பட்டது பேட்டில. அதை அவங்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சனிக்கிழமை எட்டு மணிக்கு வாறன்."

அவன் போனபின், கோட்டை எங்கே வைத்தாய் என்று இஸ்ஸதீன் மனைவியைக் கேட்டார்.