இந்த ஆங்கிலம் யாருடையது?

கடிதத்தைப் படித்த முதல் நிமிடமே பென்சிலால் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘இது இவர் எழுதியதல்ல.’

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு வேலை. யார் எழுதியது என்று தகராறு வரும் ஆங்கிலக் கடிதங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். பல வருடம் இதையே செய்ததில் சந்தேகம் ரத்தத்தில் ஊறிவிட்டது. தெம்பனிஸில் இருக்கும் என் மகன் அனுப்பும் மெசேஜைக்கூட இரண்டு தரம் படிப்பேன்.

அந்தக் கடிதத்தை கிரீஸ் படிந்த வேலை பூட்ஸோடு கொண்டுவந்தவர் முருகேசன். பூன் லே பக்கம் ஒரு ஷிப்யார்டில் சாரம் கட்டுபவர். சாரத்தின் தடுப்புக் கம்பி ஆடுகிறது என்று கம்பெனிக்கு இதைத் தானே எழுதிக் கொடுத்ததாகவும், மறுநாளே அங்கே ஒருவர் விழுந்து கால் உடைந்ததாகவும் சொன்னார். பழியோ இவர் மேல். “இவனுக்கு இந்த இங்கிலீஷ் வராது. விபத்துக்கு அப்புறம் யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க” என்றது கம்பெனி. கடிதம் பொய்யென்று ஆனால் வேலை பெர்மிட் ரத்து. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தொழிலில் இரண்டு சொற்கள் முக்கியம். இடியோலெக்ட் என்பது ஒருவருக்கே உரிய சொல் பழக்கம். ரெஜிஸ்டர் என்பது இடத்துக்கு ஏற்ற நடை; கோப்பிக் கடையில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று. முருகேசன் பேசிய ஆங்கிலம் நாலு சொல்லைத் தாண்டவில்லை. கடிதத்திலோ ‘பிரையர் டு கமென்ஸ்மென்ட் ஆஃப் ஒர்க்’. வேலை தொடங்கும் முன் என்பதற்கு இத்தனை ஜோடனையா? எனக்கு வக்கீல் வாடை அடித்தது.

“சிஸ்டர், உங்களுக்கே டவுட்னா நான் இத ஃபைல் பண்ண முடியாது லா” என்றார் எங்கள் வழக்கறிஞர் கவிதா.

வழக்கமான சோதனை ஒன்று பாக்கி இருந்தது. முருகேசனை என் முன்னால் உட்கார வைத்தேன். “காலையில எழுந்ததுல இருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் என்ன செஞ்சீங்க? இங்கிலீஷ்ல எழுதுங்க. ஃபோனை இப்படிக் குடுங்க.”

எழுதித் தந்தார். ‘பிரையர் டு கமென்ஸ்மென்ட் ஆஃப் ஜர்னி’ இரண்டு எண்ணிக்கை பரோட்டா உட்கொண்டாராம். எம்ஆர்டி ரயில் கதவு முறையாகப் பூட்டப்பட்டதை உறுதி செய்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்; அதே நடை.

“இத எங்க கத்துக்கிட்டீங்க?”

“டூல்பாக்ஸ் மீட்டிங்ல மேடம். தினம் வேலைக்கு முன்னாடி சேஃப்டி பேப்பர் படிக்கணும்ல, ஒன்பது வருஷமா நான்தான் எல்லாருக்கும் நின்னு படிக்கிறேன். வேற இங்கிலீஷ் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பேசக் கூச்சமா இருக்கும். எழுதிருவேன்.” மேசையில் கிடந்த கடிதத்தின் ஓரத்தைப் படித்தார். “கம்பெனிக்காரங்க சொன்னதையேதான் நீங்களும் எழுதி வச்சிருக்கீங்க மேடம்.”

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு எழுத்தையும் அருகருகே வைத்து அறிக்கை கொடுத்தேன். விசாரணையில் கம்பெனி வக்கீல் கேட்டார்: ஒரு சாதாரணத் தொழிலாளி இப்படி எழுதுவார் என்று பார்த்ததும் நீங்கள் நம்பினீர்களா? பொய் சொல்லியிருக்கலாம். “நம்பவில்லை. அது என் தவறு, அவருடையதல்ல” என்றேன். கடிதம் அவருடையது என்று ஏற்கப்பட்டது. பெர்மிட் தப்பியது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, சந்தேகப்படுங்கள். சம்பளமே அதற்குத்தான். ஆனால் எதைப் பார்த்துச் சந்தேகம் வந்தது என்று உங்களையே ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று முருகேசனின் பூட்ஸைப் பார்த்தே நான் முடிவு கட்டிவிட்டேன். கடிதத்தை அப்புறம்தான் படித்தேன்.